பிக்அப் வைத்திருப்பவர்களுக்கு: ‘எம்+எஸ்’ என்ற எழுத்தை நம்பி வின்ரர் ரயர் வாங்காதீர்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு ரயர் கடையில் நான் ஏமாற்றப்பட்டேன். பனிக்காலத்துக்கு முன்னர் பிக்அப் வண்டிக்கு ரயர் மாற்ற இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். விவகாரம் எழுத்தில் போய்க்கொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

ஒன்ராறியோவின் மின்டனுக்கு அருகே ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு சிறிய கொட்டேஜ் இருக்கிறது. பனிக்காலத்திலும் மகனோடு மீன்பிடிக்கப் போவேன். நெடுஞ்சாலை 35 வரைக்கும் கவலை இல்லை, பனி அள்ளி உப்புப் போட்டிருப்பார்கள். அதிலிருந்து இறங்கினால் எட்டுக் கிலோமீற்றர் சரளைப் பாதை. ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். கடைசித் துண்டில் பனி அள்ள யாரும் வருவதில்லை. ஏப்ரலில் அதே பாதை சேறாகிவிடும். பனிக்கும் காட்டுப் பாதைக்கும் ஒரே ரயர் தாக்குப்பிடிக்குமா என்ற கேள்வியோடுதான் 2023 நவம்பரில் அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நம்மவர். “தம்பி, கொட்டேஜ் பாதைக்கு இதைவிட நல்ல வின்ரர் ரயர் கிடையாது. கல், சேறு, பனி எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்” என்று சொல்லி, பெரிய பெரிய இறப்பர்க் கட்டிகளோடு முரட்டுத்தனமாக நின்ற ஒரு ரயரைத் தட்டிக் காட்டினார். புதிய ரயர்களில் துருத்திக்கொண்டு நிற்குமே மெல்லிய இறப்பர் முட்கள், அவையும் அதில் இருந்தன. பக்கவாட்டில் எம்+எஸ் என்று பொறித்திருந்தது. நான்கும் பூட்டி 1,300 டொலர். காசாகத் தந்தால் வரி இல்லை என்றார். பற்றுச்சீட்டு வாங்காமல் வந்தேன். அது என் பிழை, அதை மறைக்கவில்லை.

டிசெம்பர் மூன்றாவது வாரம், மறை 14 பாகை. சரளைப் பாதையின் கடைசி இறக்கம், அடியில் ‘நில்’ பலகை. நான்கு சில்லும் இழுக்கும்படி போட்டு, மெதுவாகத்தான் இறங்கினேன். பிரேக்கை மிதித்ததும் மிதி காலுக்குக் கீழே கடகடவென்று அதிர்ந்தது. வேகம் குறையவே இல்லை. ஸ்ரெயரிங்கைத் திருப்பினேன், வண்டி நேரே போனது. பலகையைத் தாண்டி, சந்தியைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கப் பனிக்குவியலுக்குள் மூக்கைப் புதைத்து நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்த மகன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு கைகளாலும் இருக்கைப் பட்டியைப் பிடித்திருந்தான். அந்த நேரம் குறுக்கே ஒரு மரலொறி வந்திருந்தால் என்று இன்றைக்கும் இரவில் நினைத்து விழிக்கிறேன்.

இழுவை வண்டி எங்களை மின்டனில் ஒரு கராஜில் விட்டது. அங்கே இருந்த வயதான மெக்கானிக் முதலில் காற்றைத்தான் பார்த்தார். அளவுகோல் 80 பி.எஸ்.ஐ. காட்டியது. என் வண்டியின் சாரதிக் கதவோரத் தாளில் எழுதியிருப்பது 35. எல்.ரி. எனப்படும் இலகு பாரவண்டி வகை ரயருக்குக் கொஞ்சம் கூட்டி அடிக்க வேண்டும், உண்மை. ஆனால் கடைக்காரர் ரயரில் பொறித்திருந்த உச்ச அளவை அப்படியே அடித்துவிட்டிருந்தார். அந்த 80, முழுச் சுமை ஏற்றும்போது தாங்கக்கூடிய எல்லை. பின்பெட்டி வெறுமையாக இருக்கும் பிக்அப்பில் அவ்வளவு காற்று அடித்தால் ரயர் நடுவில் புடைத்து, ஒரு ஒடுங்கிய பட்டைதான் நிலத்தைத் தொடும்.

பிறகு அவர் பெருவிரல் நகத்தால் ஒரு கட்டியை அழுத்தினார். நகம் பதியவில்லை. கட்டிகளின் அடியில், கோடையில் குளத்துச் சேறு வெடித்ததுபோல மெல்லிய கீறல்கள். வண்டிக்கு அடியில் விளக்கோடு படுத்து, உள்பக்கத்தைத் துடைத்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். டி.ஓ.ரி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 4216. அதாவது 2016ஆம் ஆண்டின் 42ஆவது வாரம் செய்த ரயர். மூன்று ரயர்களில் அதே எண். நான்காவதில் 1115. ஓடாமல் களஞ்சியத்தில் கிடந்ததால் முட்கள் உதிரவில்லை, அவ்வளவுதான். ஏழெட்டு ஆண்டுச் சரக்கைப் புதியது என்று எனக்கு விற்றிருக்கிறார்.

தேதியோடு கூடிய முழு எண்ணை ரயரின் ஒரு பக்கத்தில் பொறித்தால் போதும் என்பது விதி. மற்றப் பக்கத்தில் தேதி இல்லாமலே இருக்கலாம். என் நான்கு ரயர்களிலும் தேதிப் பக்கம் உள்ளே போயிருந்தது. நான்கும் தற்செயலாக அப்படி அமைந்தன என்று என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்தது அந்த எம்+எஸ். சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ரயரின் பள்ளங்கள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்ற வடிவக் கணக்கை வைத்துப் போடுகிறார்கள். அந்த எழுத்தைப் போட எந்த ரயரையும் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும் அடையாளம் வேறு: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999இல் வந்தது. ஒப்பீட்டு ரயரைவிட இறுகிய பனியில் குறைந்தது பத்து வீதம் கூடுதலாக இழுத்தால்தான் அது கிடைக்கும். என் ரயரில் அந்த மலை இல்லை. கியூபெக்கில் 2014 டிசெம்பர் முதல் எம்+எஸ் மட்டும் உள்ள ரயரை வின்ரர் ரயராக ஏற்பதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இன்னும் ஏற்கிறார்கள். ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் கட்டாயமே இல்லை. இந்தக் குழப்பத்துக்குள்தான் இப்படிப்பட்ட வியாபாரம் நடக்கிறது.

எனக்கு விற்றது ‘மட் ரெரெயின்’ வகை. கட்டிகளுக்கு இடையே அகன்ற இடைவெளி இருப்பதால் சேற்றை உதறித் தள்ளும். ஏப்ரல் மாதத்துக்கு நல்லது. பனிக்கட்டியில் பிடிப்பைத் தருபவை கட்டிகளின் மேல் கத்தியால் கீறியதுபோல இருக்கும் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். இதில் அவை இல்லை. 7 பாகைக்குக் கீழே சாதாரண இறப்பர் இறுகத் தொடங்கும். மறை 14இல், ஏழாண்டு பழைய இறப்பர் எப்படி இருக்கும் என்று அந்த மெக்கானிக்கின் நகத்தில் பார்த்தேன். நான்கு சில்லும் இழுப்பது வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்த உதவாது.

எல்லாவிதப் பாதைக்கும் என்று செய்யும் ‘ஓல் ரெரெயின்’ வகையில் மலை அடையாளத்தோடு நல்ல ரயர்கள் வருகின்றன. நெடுஞ்சாலையும் அள்ளிய பாதையும் மட்டும் என்றால் அவை போதும் என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சோதனை பனியில் இழுப்பதை மட்டுமே அளக்கிறது, பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதை அல்ல. இறக்கமுள்ள காட்டுப் பாதைக்குத் தனி வின்ரர் ரயர்தான். நான் இப்போது அதைத் தனி ரிம்மில் பூட்டி வைத்திருக்கிறேன், கோடைக்கு ஓல் ரெரெயின். பூட்டும் முன்பே தேதியைப் படம் எடுத்தேன், தேதிப் பக்கத்தை வெளியே வைக்கச் சொன்னேன், பற்றுச்சீட்டில் ரயரின் பெயரும் அளவும் எழுதச் சொன்னேன். பழைய கடைக்காரர் இன்னும் 200 டொலர் தந்தால் ஆணி அடித்துத் தருவதாகவும் சொல்லியிருந்தார். ஆணி ரயர் ஒன்ராறியோவில் வட பகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஸ்காபரோவில் இருப்பவனுக்கு அதையும் விற்கப் பார்த்திருக்கிறார்.

திரும்பிப் போய்க் கேட்டபோது அவர் சொன்னது: “எம்+எஸ் என்றால் என்ன, தம்பி? ஸ்னோ என்று அதிலேயே போட்டிருக்கிறதே.” பழைய சரக்கைப் பற்றிக் கேட்டேன். “ஓடாத ரயர் புதிய ரயர்தான்” என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

வாங்குவதற்கு முதல்நாள் அவருடைய கடைத் தொலைபேசிக்கு நான் அனுப்பிய செய்தியும், “ஓம், புதிய வின்ரர் ரயர்” என்று வந்த பதிலும் என்னிடம் இருக்கின்றன. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் சொல்லி விற்றிருந்தால் ஓராண்டுக்குள் அறிவித்து ஒப்பந்தத்தை முறிக்கலாம். மெக்கானிக்கின் குறிப்பையும் படங்களையும் இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. அடுத்தது சிறு கோரிக்கை நீதிமன்றம், படிவத்தை நிரப்பிவிட்டேன். வின்ரர் ரயர் போட்டிருப்பதாகச் சொல்லிக் காப்புறுதியில் பெற்றிருந்த கழிவையும் நானே அழைத்துத் திருத்திக்கொண்டேன்.

கடந்த ஞாயிறு மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் அந்த நவம்பரில் அதே கடையில்தான் வாங்கினார். வாகனத் தரிப்பிடத்தில் குனிந்து, வண்டிக்கு அடியில் கைத்தொலைபேசியை நீட்டிப் படம் எடுத்தோம். முதல் படம் சேறு மூடித் தெரியவில்லை. துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தோம். 4216.