ஹகோனேயா, குசட்சுவா? டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்வர

எரிமலையைப் பக்கத்தில் பார்க்க ஹகோனே, வெந்நீரில் ஊற குசட்சு. ஒரே நாளில் இரண்டும் முழுசாகக் கிடைக்கும் என்று எண்ணிக் கிளம்பினால் ஏமாற்றம்தான்.

ஹகோனே கிட்டத்தில் இருக்கிறது. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் ரோமன்ஸ்கார் விரைவு ரயில் ஏறினால் சுமார் 85 நிமிடத்தில் ஹகோனே-யுமோதோ. ஹகோனே ஃப்ரீபாஸ் என்ற சுற்றுலாப் பயணச்சீட்டு வைத்திருந்தாலும் இந்த ரயிலுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அங்கிருந்து மலை ரயில், கேபிள் கார், ரோப்வே என மாறி மாறி ஏறி ஓவாகுதானி எரிமலைப் பள்ளத்தாக்கைச் சேரலாம். மஞ்சள் பூத்த சரிவில் கந்தகப் புகை சீறுவதை நேரிலேயே பார்க்கலாம். ஊற்றுநீரில் வேகும் கறுப்பு முட்டை இங்கே பிரபலம். நீரிலுள்ள இரும்பு ஓட்டில் ஒட்டி, ஹைட்ரஜன் சல்பைடுடன் சேர்ந்து இரும்பு சல்பைடாகிக் கறுக்கிறது. உள்ளே வழக்கமான வெள்ளைதான்.

சிக்கல் ரோப்வேயில். காற்று பலத்தாலோ வாயு கூடினாலோ நிறுத்திவிடுவார்கள். 2015 வெடிப்பின்போது மாதக்கணக்கில் ஓடவில்லை. கிளம்பும் முன் அன்றைய இயக்க நிலையைப் பாருங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஓவாகுதானியைத் தவிர்ப்பது நல்லது. காலையிலேயே மேலே போய்விட்டு, குளியலை மாலையில் யுமோதோவில் வைத்துக்கொள்ளுங்கள். உடையில்லாமல் குளிக்கக் கூச்சமா? யுனெஸ்ஸன் குளியல் வளாகத்தில் நீச்சலுடைக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

குசட்சுவுக்கு டோக்கியோவின் உஎனோ நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி, பிறகு பஸ்ஸில் 25 நிமிடம். படத்தில் மயக்கும், ஊருக்கு மேலே எரிமலையிலுள்ள யுகாமா பள்ள ஏரியை நம்பிப் போகாதீர்கள். 2018 ஜனவரியில் பக்கத்து மோதோஷிரானே எரிமலை வெடித்து ஒருவர் இறந்தார்; மேலே போகக் கட்டுப்பாடுகள் வந்தன.

ஆனால் தண்ணீர்! ஊர் நடுவே யுபதாகே என்ற ஊற்றில் மரத் தொட்டிகள் வழியே கொதிக்கக் கொதிக்க ஓடுகிறது. அமிலம் pH 2 அளவில், எலுமிச்சைச் சாறுபோல. இந்த நீர் கலக்கும் ஆற்றில் 1964 முதல் சுண்ணாம்புப் பால் ஊற்றி அமிலத்தை முறிக்கிறார்கள். சிராய்ப்பு இருந்தால் சுரீரென்று எரியும், வெள்ளி நகை கறுத்துவிடும், கழற்றி வையுங்கள். ஓதாகினோயு என்ற குளியலகத்தில் சூடு படிப்படியாக ஏறும் தொட்டிகள் இருக்கின்றன. குறைந்த சூட்டில் தொடங்கி, ஓரிரு நிமிடத்தில் வெளியே ஏறி, ஆறி, அடுத்ததற்குப் போங்கள். எடுத்தவுடனே 46 டிகிரியில் இறங்கினால் தலை சுற்றும்.

மாலை பஸ்ஸும் ரயிலும் குறைவு. திரும்பும் ரயிலைப் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்ற பஸ் நேரத்தையும் வந்து இறங்கியதுமே குறித்துக்கொள்ளுங்கள்.