நாற்சார் வீட்டுக்கு அழைத்த கறையான் தடுப்புச் சேவை

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய எங்கள் நாற்சார் வீட்டின் கதவு நிலைகளில் கறையானின் மண்குழாய்கள் ஏறியதால், தடுப்புச் சேவை ஒன்றை அழைத்தோம். வந்தவர்கள் நிலைகளைத் தட்டிப் பார்த்து, உள்ளே கோறையான இடங்களைக் குறித்த பின்னரே, சுவரும் தரையும் சேருமிடத்தில் வரிசையாகத் துளையிட்டு, இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிகொல்லிக் கரைசலைச் செலுத்தி, துளைகளைச் சீமெந்தால் அடைத்தார்கள். இம்மருந்து கறையானை விரட்டுவதில்லை. அதில் பட்டவை உடனே சாகாமல் கூட்டத்தில் மற்றவற்றுக்கும் கடத்துவதால், சில நாள்கள் நடமாட்டம் தெரிந்தாலும் பதற வேண்டியதில்லை. புதிய மண்குழாய் எதுவும் பின்னர் எழவில்லை. வேலை சுத்தம், நிறைவே.

ஆனால் கிணற்றைப் பற்றி நாங்களே கேட்க வேண்டியிருந்தது பெருங்குறை. சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழும் நம்மில் பலருக்கு நிலத்தடி நீரே குடிநீர்; நிலத்தில் விடும் மருந்து கல்லின் வெடிப்புகளூடாகக் கிணற்றைச் சென்றடையக்கூடும், இதுவோ நீரில் கரையும் மருந்து. நாங்கள் மறித்த பிறகு, கிணற்றடிப் பக்கச் சுவரில் துளையிடாமல், அங்கிருந்த கதவு நிலையில் மட்டும் மருந்து பூசினார்கள். யாழ்ப்பாணத்தில் இத்தொழில் செய்பவர்கள், கிணறு எங்கே என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அழைப்பதானால் மாரி மழைக்கு முன்னரே அழையுங்கள். நீர் ஊறிய மண் மருந்தை ஏற்காது.