முதல் அரைவை நம்மளதுன்னா 4 ஸ்டார், இல்லன்னா 1: எங்க ஏரியா மாவு மில்

மாவு மில்லுக்கெல்லாம் யாரு ரிவ்யூ போடுவான்னு கேப்பீங்க. பையனுக்கு சீலியாக்னு கண்டுபிடிச்ச வீட்ல போடுவாங்க (கோதுமை, பார்லில இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் குடலுக்கு ஆகாத நோய் அது). ஒன்றரை வருஷம் முந்தி ரத்த டெஸ்ட், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்துட்டு கோதுமை, பார்லி இனிமே வாழ்நாள் பூரா கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, நான் நேரா சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயி க்ளூட்டன் ஃப்ரீன்னு எழுதுன பாக்கெட்டா அள்ளிட்டு வந்தேன், பிரெட் ஒண்ணு 300 ரூபா, தொட்டா உதிருது, ஆட்டா கிலோ 280, முதல் மாச பில்லைப் பாத்து வீட்டுக்காரரு வாயே தொறக்கல. எங்க மாமியாதான் "ஏம்மா, இட்லில எங்க இருக்கு கோதுமை?"ன்னு ஒரே கேள்வில முடிச்சாங்க.

அப்பதான் மதுரைல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கற இந்த மில் ஞாபகம் வந்துச்சு. மூணு மிஷின், மிளகா மல்லிக்கு ஒண்ணு, அரிசிக்கு ஒண்ணு, கோதுமைக்கு ஒண்ணு. கேழ்வரகு, கம்பு கொண்டுபோனா கோதுமை மிஷின்லதான் போடுவாங்க, இத நான் முதல் தடவ கேக்கவே இல்ல. 3 கிலோ கேழ்வரகு கழுவி காயவச்சு குடுத்தேன், எனக்கு முந்தி ஒருத்தங்க கோதுமை அரைச்சுட்டுப் போயிருக்காங்க. மிஷின் வாயில துணி கட்டி தொங்க விட்டிருப்பாங்கல்ல, அத மில்லுக்கார அண்ணன் குச்சியால ரெண்டு தட்டு தட்டுனாரு, வெள்ளையா பொலபொலன்னு என் மாவு மேல கொட்டுச்சு. பாத்துக்கிட்டேதான் நின்னேன், மண்டைல ஏறல. ராத்திரி கூழ் குடிச்சவன் மறுநாள் பூரா வயித்தப் புடிச்சுக்கிட்டு படுத்துட்டான். க்ளூட்டன் ஃப்ரீன்னு லேபிள் ஒட்டணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு இங்க விதியே இருக்கு, 3 கிலோ மாவுல ஒரு ஸ்பூன் கோதுமை மாவு விழுந்தாலே அது தாண்டிரும்.

சண்டை போடணும்னுதான் போனேன். "ஏம்மா, முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா, மிளகா நெடி ஏறக்கூடாதுன்னுதான் நாங்க வரிசை பாப்போம், இதெல்லாம் யாருக்குத் தெரியும்"னு அவரு சொன்னதும் எனக்குதான் ஒரு மாதிரி ஆயிருச்சு. இப்ப ஏற்பாடு என்னன்னா, காலைல 7 மணிக்கு மில் தொறந்ததும் முதல்ல நம்மளது, அரிசி மிஷின்ல. வாயில கட்டுற துணி பழைய வேட்டில நானே தைச்சு கொண்டுபோறேன். முதல்ல ரெண்டு படி ரேஷன் அரிசியப் போட்டு ஓட்டி அந்த மாவ தனியா எடுத்துருவாரு, அது வாசல்ல கோலத்துக்கு. அப்புறம்தான் கேழ்வரகு. அதுக்கு முன்னாடி வீட்ல முறத்துல போட்டு பொறுக்கணும், கிலோவுக்கு ரெண்டு மூணு கோதுமை மணியாவது கெடக்கும்.

கேழ்வரகு கிலோ 55, அரைகூலி 15, ஆக 70 ரூபாய்க்கு முருங்கைக்கீரை போட்ட அடை, புட்டு, கூழ்னு வாரம் ஓடிருது. இடியாப்ப மாவும் இங்கதான். பையனுக்கு அடைன்னா உசுரு, பிரெட்ட மறந்தே போயிட்டான். (சப்பாத்திக்கு மட்டும் இன்னும் ஏங்குவான், அதுக்கு என்கிட்ட வழியில்ல.)

ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னா, கல்லா பக்கத்துல சத்துமாவு பாக்கெட் கட்டி வச்சிருக்காரு, சிறுதானியம்னு நம்பி எடுத்துராதீங்க, சம்பா கோதுமையும் சேத்துதான் அரைக்கறாரு, கேட்டா ஒளிக்காம சொல்றாரு, ஆனா பாக்கெட் மேல ஒரு வார்த்த இல்ல. அங்கயே விக்கிற பெருங்காயத்தூள்லயும் கோதுமை மாவு கலந்திருக்கு, அது பல கடையிலயும் அப்படித்தான், லேபிள்ல பொடி எழுத்துல போட்டிருப்பான். நாங்க ரசத்துக்கு பெருங்காயம் இல்லாம பூண்டும் சீரகமும் கொஞ்சம் அதிகமா தட்டிப் போட்டுக்கறோம்.

இதயும் சொல்லிடறேன், ஒரே கட்டடத்துல கோதுமை மாவு பறக்குது, அதனால துளி பட்டாலும் படுத்துருவாங்கன்னா இந்த மில்லே வேணாம். 8 மணிக்கு மேல போனா அண்ணன் நம்மள கண்டுக்கவும் மாட்டாரு. தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகாதீங்க, முறுக்கு மாவுக்கும் அதிரசத்துக்கும் கூட்டம் தெரு வரைக்கும் நிக்கும். அப்பல்லாம் நான் வீட்ல மிக்ஸிலதான், 200 கிராம் 200 கிராமா, அது சூடாகி நிக்க நிக்க.