விரலுக்கு வேலை: கடைப் பெட்டியா, அடுப்பங்கரையா?

எல்கேஜி சேர்க்கை நெருங்கினாலே, பிள்ளையின் விரலை எழுத்துக்குத் தயார்ப்படுத்தும் சாமான்கள் வீட்டில் சேர ஆரம்பித்துவிடும். புள்ளிக்கோட்டின் மேல் ‘அ’ எழுதிப் பழகும் புத்தகம், பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடி, மணி கோர்க்கும் பெட்டி, இடுக்கியால் பஞ்சு உருண்டை எடுக்கும் செட். இவற்றில் பலவற்றுக்கு வீட்டிலேயே ஒரு மாற்று உண்டு. எல்லா மாற்றும் உசத்தி என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் கடைச் சாமான்தான் ஜெயிக்கிறது.

முதலில் கையைப் பற்றி. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பே தெரியாது. அங்குள்ள எட்டுச் சின்ன எலும்புகளும் அப்போது குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகத்தான் இறுகும், எட்டும் படத்தில் தெரியப் பள்ளிப் பருவத்தில் பாதி போய்விடும். மூன்று வயதில் வட்டம் வரைய வரும். சதுரம் நாலு வயதுக்கு மேல், முக்கோணம் ஐந்து வாக்கில். ‘அ’வில் சுழி, வளைவு, நேர்கோடு மூன்றும் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்பது அநியாயம். அதனால் எழுத்துப் புத்தகத்தை இப்போதைக்குப் பரணில் போடலாம். டேப்லெட்டில் விரலால் எழுதும் செயலியும் அப்படியே. கண்ணாடியில் தேய்ப்பதில் விரலுக்கு எதிர்ப்பே இல்லை.

இரண்டு வயதுக்கு மாவு. கடையில் கிடைக்கும் பிளே-டோ என்ற வண்ண விளையாட்டு மாவு முதலில் சுவர்க் காகிதத்தில் படிந்த கரியைத் துடைக்கும் பசையாக இருந்து, 1956இல் விளையாட்டுப் பொருளாக மாறியது. நிறம் பிள்ளைகளை இழுக்கும், கையில் ஒட்டாது. ஆனால் ரொம்ப மெது, மூடியைத் திறந்து வைத்தால் காய்ந்து உதிரும். சப்பாத்தி மாவு அழுத்தினால் திருப்பி அழுத்தும். உருட்ட, கிள்ள, தட்டத் தோளிலிருந்து பலம் வேண்டும். சப்பாத்தி போடும்போது ஒரு உருண்டையைக் கொடுத்தால் போதும். என் ஓட்டு இதற்கே. அப்புறம் ஒன்று: பிளே-டோவிலும் கோதுமை இருக்கிறது. கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம்.

மூன்று வயதுக்கு மேல் இடுக்கி செட்டா, மொச்சையா? தை மாதம் மொச்சை கிடைக்கும்போது இந்தக் கேள்வியே எழக்கூடாது. ராத்திரி ஊறிய மொச்சையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அமுக்கு. தோல் கையிலேயே தங்கிவிடும், பருப்பு துள்ளிப் போய்க் கிண்ணத்தில் விழும், பாதி நேரம் தரையில் விழும். அந்தத் துள்ளலுக்காகவே பிள்ளை அடுத்ததை எடுக்கும். இடுக்கி செட்டில் நாலாவது பஞ்சு உருண்டையிலேயே சலிப்பு வந்துவிடுகிறது. மொச்சை இல்லாத மாதங்களில் பட்டாணி உரிக்கலாம், துணி கிளிப் மாட்டலாம்.

நாலு வயதில்தான் நிஜமான போட்டி: மணி கோர்ப்பதா, பல்லாங்குழியா? ஏழு ஏழாகப் பதினாலு குழி. ஒரு குழியை வழித்து எடுத்தால் ஐந்தாறு சோழியும் உள்ளங்கைக்குள் போகும். அதிலிருந்து கட்டைவிரல் ஒன்றை மட்டும் விரல் நுனிக்குத் தள்ளிக் குழியில் போட வேண்டும்; மோதிர விரலும் சுண்டு விரலும் மீதி கொட்டிவிடாமல் மூடியிருக்க வேண்டும். பென்சில் பிடிப்பதிலும் இதே ஏற்பாடுதான்: மூன்று விரல் ஆடும், இரண்டு விரல் மடங்கித் தாங்கும். கைப்பயிற்சி நிபுணர்கள் நாணயங்களை வைத்துச் செய்யச் சொல்வதும் இதைத்தான். கூடவே எண்ணவும் வந்துவிடுகிறது.

ஆனால் பல்லாங்குழி ஒற்றைக் கை ஆட்டம். ஒரு கை பிடிக்க, மறு கை நூலை நுழைத்து இழுக்கும் இரட்டைக் கை வேலை மணியில்தான் கிடைக்கும். இங்கே பெட்டியை வாங்கலாம். பெரிய மரமணி, நுனி விறைப்பான கயிறு உள்ளதாகப் பாருங்கள். நூல் நுனி தளர்ந்தால் பிள்ளை கோபப்பட்டு எறிந்துவிடும். பூ கட்டுவது இதற்கு மாற்றாகாது, அதற்கு இன்னும் இரண்டு மூன்று வயது ஆக வேண்டும்.

பட்டன் போடப் பழக மரச்சட்டத்தில் துணி தைத்த சட்டகம் விற்கிறார்கள். 1939இல் அடையாறுக்கு வந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் கல்வி முறையில் வருவது அது. பட்டன் கண்ணுக்கு நேராக, அசையாமல் இருப்பதுதான் அதன் சூட்சுமம். தலையணைக்கு அப்பாவின் பழைய சட்டையை மாட்டினாலும் அதே வசதி வந்துவிடும்.

ரப்பர் பிடி வாங்குவதைவிட சாக்பீஸை இரண்டாக ஒடிப்பது மேல். அரை விரல் நீளத் துண்டை முஷ்டியால் பிடிக்கவே முடியாது. விரல் நுனிகள் தாமாக வந்து சேரும். அதையும் தரையில் எழுதுவதைவிட சுவரில் எழுதினால் மணிக்கட்டு பின்னால் வளைந்து சரியாக நிற்கும். பிள்ளைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தார்களே, அதை வீட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு டப்பா கறுப்புப் பெயிண்டால் செய்துகொள்ளலாம். வாடகை வீடென்றால் கதவில் அட்டை.

மொச்சை, சோழி, மணி எதுவானாலும் மூன்று வயதுக்குள் வேண்டாம். அதற்குப் பிறகும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வாயில் போடுவதை மட்டும் கவனித்தால் போதாது, மூக்குக்குள் தள்ளிவிடும் பிள்ளைகளும் உண்டு. ஒன்றரை வயதுக்கு முன்பே குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தி, மற்றதை எடுக்கவே மாட்டேன் என்றால் அதற்கு மாவும் மணியும் தீர்வில்லை. குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.