நான்கு கணினி, ஒரே கண்மாய்: க்யூஜிஐஎஸ் – போஸ்ட்ஜிஐஎஸ் இணைப்பு பற்றி

மதுரை மாவட்டக் கண்மாய்களின் கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் ஆகியவற்றை அளந்து வரைபடமாக்குவது எங்கள் நால்வர் குழுவின் வேலை. இரண்டு ஆண்டுகள் ஷேப்ஃபைல் எனப்படும் வரைபடத் தரவுக் கோப்புகளைப் பென்டிரைவில் மாற்றிக்கொண்டிருந்தோம். ‘கடைசி’, ‘கடைசி_சரி’, ‘கடைசி_புதியது’ என்று ஒரே கண்மாய்க்கு மூன்று கோப்புகள். ஒருநாள் நான் திருத்திய பதினொரு கலுங்குகளின் மேல் யாரோ பழைய கோப்பை ஏற்றிவிட, அத்தனைக்கும் சித்திரை வெயிலில் மறுபடி நடந்தோம்.

அந்த வாரமே அலுவலகத்தின் பழைய மேசைக் கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவி, அதில் வரைபடத் தரவை வைக்க உதவும் போஸ்ட்ஜிஐஎஸ் சேர்த்து, நான்கு மடிக்கணினிகளிலும் உள்ள வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸை அதனுடன் இணைத்தேன். எல்லாமே இலவசம். க்யூஜிஐஎஸ்ஸும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் ஒன்றுக்கொன்று அந்நியமும் அல்ல. 2002இல் கேரி ஷெர்மன் வெளியிட்ட முதல் க்யூஜிஐஎஸ், போஸ்ட்ஜிஐஎஸ் அடுக்குகளை (லேயர்களை) மட்டுமே காட்டியது. அந்த நெருக்கம் இன்றும் தெரிகிறது. முகவரி, 5432 என்ற போர்ட் எண், தரவுத்தளத்தின் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுத்தால் அட்டவணைகள் வரிசையாக வந்து நிற்கின்றன.

ஆனால் முதல் அரை நாள் எனக்கு வீணானது. இயல்பு நிலையில் போஸ்ட்கிரெஸ் தான் இருக்கும் கணினியின் அழைப்பை மட்டுமே ஏற்கும். அமைப்புக் கோப்புகள் இரண்டைத் திருத்தினால்தான் வெளியிலிருந்து உள்ளே விடும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற பிழைச்செய்தி இதைச் சொல்வதில்லை. புதியவர்கள் மனம் விட்டுப்போவது இங்கேதான்.

என்னை உண்மையில் மகிழ்வித்தது தமிழ். ஷேப்ஃபைலில் புலத்தின், அதாவது அட்டவணை நெடுவரிசையின், பெயருக்குப் பத்து பைட்டுகளே இடம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டு. ‘கண்மாய்’ என்ற சொல்லுக்கு மட்டும் 21 வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் பெயருக்கு 63 பைட்டுகள் உண்டு, குறிப்புகளுக்கோ நடைமுறையில் எல்லையே இல்லை. மடைக்கு ஊரார் சொன்ன பெயரை, அவர்கள் சொன்ன கதையுடன் முழுதாக எழுதி வைக்கிறோம்.

எங்களுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. 78 பாகை தீர்க்கரேகை எங்கள் மாவட்டத்தின் ஊடே போகிறது. உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் வரைபட முறையில் உசிலம்பட்டி 43ஆம் மண்டலம், மேலூர் 44. ஷேப்ஃபைல் காலத்தில் மண்டலம் மாறிய கரைகள் எங்கெங்கோ போய் விழுந்தன. இப்போது எல்லாவற்றையும் 4326 குறியீட்டில், அதாவது மண்டலம் பாராமல் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளாக வைத்திருக்கிறோம். பரப்பளவு வேண்டும்போது, பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் ‘ஜியாகிரஃபி’ வகைக்கு மாற்றிக் கேட்டால் சதுர மீட்டரில் வருகிறது. மாற்றாமல் கேட்டால் சதுரப் பாகையில் பொருளற்ற எண் வரும், கவனம்.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு மடையைச் சேமித்த சற்று நேரத்தில் என் திரையில் அதைக் கண்டு, “அக்கா, நான் இன்னும் கோப்பை அனுப்பவே இல்லையே?” என்றான். அனுப்ப இனி எதுவும் இல்லை என்று அவனுக்குப் புரியவைக்க அன்று மாலை வரை ஆனது.

குறைகளும் உண்டு. இருவர் ஒரே கரையைத் திருத்தினால் கடைசியாகச் சேமித்தவரின் கோடுதான் நிற்கும், எச்சரிக்கை வருவதில்லை. அதனால் ஒன்றியம் ஒன்றியமாக வேலையைப் பிரித்துக்கொண்டோம். கடவுச்சொல்லை இணைப்பிலேயே சேமித்தால் அது மறையாக்கம் இன்றிக் கிடக்கும். க்யூஜிஐஎஸ்ஸின் அங்கீகார அமைப்பில் முதன்மைக் கடவுச்சொல் வைத்துச் சேமியுங்கள். பெரிய அட்டவணைக்குத் தேடலை விரைவாக்கும் இடஞ்சார் குறியீட்டெண், அதாவது ஜிஸ்ட் இண்டெக்ஸ், கட்டாயம் போடுங்கள். வரத்துக்கால் அடுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு வரிக் கட்டளைக்குப் பின் உடனே விரிந்தது. களத்தில் கைப்பேசி இணையத்தை நம்பித் திருத்த வேண்டாம். சேமிக்கும் முன் தொடர்பு அறுந்தால் உழைப்பு போய்விடும்.

தனியாக, ஒரே கணினியில் வேலை செய்பவருக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. எல்லா அடுக்குகளையும் ஒன்றாக வைக்கும் ஜியோபேக்கேஜ் கோப்பு ஒன்று போதும், அதிலும் தமிழ் நன்றாகவே நிற்கிறது. இரண்டாவது ஆள் வரும் அன்றே போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்கு மாறிவிடுங்கள்.