காரைக்குடியில் ஒரு மறுவாழ்வுப் பயிற்சி வகுப்பு

கீமோதெரபிக்குப் பின், கந்தரப்பத்துக்கு அரிசி ஊறப்போட்டதையே மறந்துவிடும் என் தாயாரை, காரைக்குடியில் நடக்கும் 12 வார வகுப்பொன்றில் சேர்த்திருந்தோம். வாரம் மூன்று நாள், அரைமணி நேரம் ஊருணிக் கரையில் வேகநடை. பிறகு உறக்கம், உணவு குறித்த ஆலோசனை. இத்தகைய நடை சோர்வையும் மனப்பதற்றத்தையும் குறைக்கும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM) என்ற வல்லுநர் அமைப்பின் 2019 பரிந்துரை உறுதியாகக் கூறினாலும், நினைவு, கவனம் போன்ற அறிவாற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே அது குறிப்பிடுவதைப் பயிற்சியாளர் முதல் நாளே மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவின் களைப்பு நன்றாகவே குறைந்தது, மறதி சற்றுத்தான். ஆனால் தொடக்கத்தில் நினைவாற்றலை அளந்து பதிவு செய்யாதது பெருங்குறை (இதே பொருளில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என் தங்கை முதலில் கேட்டது அதைத்தான்). கட்டணம் நியாயமானது.