டிவியில் காட்டுகிறோம் என்று 28,000 ரூபாய் வாங்கிப் போனார்கள்: சின்னக் கடை வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நாங்கள் ஏமாந்துவிட்டோம் என்று நேற்று மதியம்தான் உறுதியானது. ஆறப்போட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முழுதும் படியுங்கள்.

மதுரையில் எங்களுக்கு ராத்திரிக் கடை. கறி தோசை, கலக்கி, பரோட்டா. நாலு மேசைதான். மாமனார் தோசைக்கல்லில் நிற்பார், வீட்டுக்காரர் பரோட்டா, நான் கல்லா. எங்கள் ஊருக்கு டிவிக்காரர்கள் வருவது புதிதில்லை. ஜிகர்தண்டா, பருத்திப்பால், கறி தோசை என்று யாராவது கேமராவோடு சுற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் வந்ததில்லை. சிம்மக்கல் பக்கம் ஒரு கடையைக் காட்டினால் மறுநாளே வெளியூர்க் கார்கள் நிற்கும். அதை எத்தனை தடவை பார்த்திருப்போம்!

போன மாதம் ஒருவர் போன் செய்தார். பெரிய சேனல் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதில் வரும் சாப்பாட்டு நிகழ்ச்சியை எடுத்துக் கொடுக்கும் கம்பெனி என்றார். "அக்கா, உங்க கடை செலக்ட் ஆயிருக்கு." செலவில் கடையின் பங்கு 28,000 ரூபாய், பத்தாயிரம் முன்பணம், மிச்சம் ஷூட்டிங் அன்று. வீட்டுக்காரர் தயங்கினார். நான்தான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். பத்தாயிரம் அனுப்பும்போது கம்பெனி பெயர் வரவில்லை, ஓர் ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "அவர் எங்க அக்கவுண்டன்ட் அக்கா" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

ஷூட்டிங்குக்கு நாலு பேர் வந்தார்கள். இரண்டு கேமரா, ஒரு பெரிய லைட், சேனல் லோகோ ஒட்டிய மைக். அந்த லோகோ ஒரு மூலையில் பிரிந்து நின்றதை நான் பார்த்தேன். எண்ணெய்ப் புகை பட்டுப் பிரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தொகுப்பாளர் பையன் நேராக மாமனாரிடம் போனான். "அப்பா, இந்தக் கல்லுக்கு என்ன வயசு?" என்று கேட்டான். 31 வருஷமாக அதே கல். இதுவரை ஒருத்தரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அவர் நிதானமாக மாவைக் கனமாக ஊற்றி, அது மேலே வேகிற பக்குவம் பார்த்து முட்டையை ஊற்றி, அதன் மேல் கொத்துக்கறியைப் பரப்பி, சுற்றிலும் எண்ணெய் விட்டு ஒரே திருப்பாகத் திருப்பினார். கறி கல்லில் பட்டுப் பொரிகிற சத்தத்துக்காக எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டு அந்தப் பையன் மாமனாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர் திரும்பி நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மிச்சம் 18,000 ரூபாயை அனுப்பியது அப்போதுதான். அவர்கள் கேட்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு வரும் என்றார்கள். ஃப்ளெக்ஸ் அடித்தோம். எப்போதும் 6 கிலோ கறி எடுப்போம், அன்று 15 கிலோ. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் சொந்தக்காரர்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். 11 மணிக்கு வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடியது.

அப்புறம் ஆரம்பித்தது. "எடிட்டிங்ல இருக்கு அக்கா." "கிரிக்கெட்டால ஸ்லாட் மாறிடுச்சு." "சார் சென்னை மீட்டிங்ல இருக்கார்." "அடுத்த வாரம் கன்பார்ம்." மூன்றாவது வாரம், "நல்ல நேரத்துல போடணும்னா இன்னும் 7,000 கட்டணும்" என்றார்கள். கட்ட முடியாது, கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "ஷூட் பண்ணியாச்சு, பணம் திரும்ப வராது" என்று சொல்லி வைத்துவிட்டார். இப்போது ரிங் போகிறது, யாரும் எடுப்பதில்லை.

நேற்று சேனல் அலுவலகத்து எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அப்படி ஒரு கம்பெனியே தங்களுக்குத் தெரியாது என்றார்கள். அந்த ஆள் கொடுத்த ரசீதை எடுத்து ஆடிட்டரிடம் காட்டினேன். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து இருக்க வேண்டும், இதில் 13தான் இருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். எங்கள் கடை உணவுப் பாதுகாப்பு எண் 14 இலக்கமும் எனக்கு மனப்பாடம். அவன் கொடுத்ததை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனில், "வந்து ஷூட்டிங் எடுத்துட்டுத்தானே போயிருக்காங்க, நீங்களா கொடுத்த பணம்தானே" என்றார்கள். இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். பணத்தை அவன் வேறு கணக்குக்கு மாற்றும் முன்பே அழைத்திருந்தால் அவன் கணக்கிலேயே நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கும். நான் ஒரு மாதம் கழித்து அழைத்திருக்கிறேன்.

28,000 ரூபாய். ஒரு கறி தோசையில் எங்களுக்கு நிற்பது 40 ரூபாய். 700 தோசை மாமனார் அந்த அனலில் நின்று ஊற்ற வேண்டும்.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கடை திறக்கிற நேரமாகிவிட்டது. இதை மட்டும் செய்யுங்கள். தனி ஆள் பெயருக்குப் பணம் போகிறதென்றால் அனுப்பாதீர்கள். யார் வந்தாலும் முதலில் சேனல் அலுவலகத்துக்கு நீங்களே எண் தேடிப் பேசுங்கள், வந்தவர்கள் கொடுக்கிற எண்ணில் இல்லை. நிஜமான விளம்பரமாக இருந்தால் முறையான பில் வரும், ஒளிபரப்பின பிறகு, எப்போது ஒளிபரப்பானது என்று டெலிகாஸ்ட் சர்டிபிகேட் கொடுப்பார்கள். ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். ஏமாந்தது தெரிந்த உடனே 1930.

மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை. "இந்த ஞாயிறாவது போடுவானாம்மா?" என்று காலையில்கூடக் கேட்டார்.